பதினெட்டுக் குழி மரியாதை

காலை எட்டு மணிக்கு அந்தப் புல்வெளியில் துப்பாக்கி வெடித்தது. பயப்பட வேண்டாம், தர்ம காரியம்தான். கோல்ஃப் பந்தயத்தில் எல்லா அணிகளும் வெவ்வேறு குழிகளில் ஒரே நொடியில் ஆட்டத்தைத் தொடங்குவதற்கு ‘ஷாட்கன் ஸ்டார்ட்’ என்று பெயர். இப்போதெல்லாம் பல இடங்களில் ஓர் ஊதலை ஊதிவிட்டு வேலையை முடித்துக்கொள்கிறார்கள். எங்கள் ஏற்பாட்டாளர் மரபில் பிடிப்புள்ளவர். வெற்றுத் தோட்டாவை நிரப்பி வானத்தைப் பார்த்து நிஜமாகவே சுட்டார். நூற்றுச் சொச்சம் பேர் கைதட்டினார்கள். என் பக்கத்தில் பேட்டரி வண்டியில் உட்கார்ந்திருந்தவர் மட்டும் தட்டவில்லை. கையிலிருந்த காபி மடியில் கொட்டியிருந்தது. அவர் தலை முழங்காலுக்குக் கீழே போயிருந்தது.

நிமிர்ந்து உட்கார அவருக்கு அரை நிமிஷம் ஆனது. கழுத்தில் தொங்கிய அட்டையில் ‘இன்றைய கௌரவ விருந்தினர்’ என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே, ‘ஈராக், 2004–05’.

போரில் அடிபட்டவர்களைக் கௌரவிக்கத் துப்பாக்கி சுட்டுத் தொடங்கும் விழாவுக்கு நான் வந்து சேர்ந்த கதை சின்னது. டெக்சாஸுக்குப் பிழைக்க வந்து பதினோரு வருஷம் ஆகிறது. முன்னாள் படைவீரர் நலனுக்காக நிதி திரட்டும் இந்தப் பந்தயத்தில் எங்கள் கம்பெனி நாலு பேர் அணி ஒன்றை விலைக்கு வாங்கியிருந்தது. மூன்று பேர் தேறினார்கள். சின்ன வயசில் கிரிக்கெட் மட்டையைப் பிடித்திருக்கிறான் என்ற ஒரே தகுதியில் நாலாவது ஆளாக என்னை இழுத்துப் போட்டார்கள்.

வாசலில் ஒரு மேஜை, அதன் மேல் விலைப்பட்டியல். அணிக்கு இவ்வளவு, குழிக்குப் பக்கத்தில் கம்பெனிப் பலகை நட இவ்வளவு, மதிய உணவுக்கு உங்கள் பெயரைச் சூட்ட இவ்வளவு. அந்தப் பட்டியலில் எனக்கு ரொம்பப் பிடித்தது ‘மல்லிகன்’. பந்தைத் தப்பாக அடித்துக் குளத்தில் தள்ளிவிட்டால், அந்த அடி நடக்கவே இல்லை என்று வைத்துக்கொண்டு மறுபடி அடிக்கலாம். நண்பர்கள் ஆடும்போது இது ஒரு சலுகை. தர்மப் பந்தயத்தில் இது ஒரு சரக்கு, ஒன்று இருபது டாலர். எங்கள் மேலாளர் ஐந்து வாங்கினார். “எல்லாம் நம்ம வீரர்களுக்காக” என்றார், குரல் தழுதழுக்க.

நூறு டாலரில் ஐந்து தவறுகள் நடக்காதவையாகிவிட்டன. இப்படி ஒரு வசதி இருப்பது பக்கத்து வண்டிக்காரருக்கு முன்பே தெரிந்திருந்தால், பாக்தாத் சாலை ஏதாவதொன்றில் அவரும் ஒரு மல்லிகன் கேட்டிருப்பார். அவரை அங்கே அனுப்பி வைத்தவர்களுக்கோ அது இலவசமாகவே கிடைத்தது.

2002 ஆகஸ்ட் 4 அன்று மெய்ன் மாநிலத்துக் கென்னபங்க்போர்ட்டில் ஜனாதிபதி ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கோல்ஃப் ஆடிக்கொண்டிருந்தார். பயங்கரவாதக் கொலைகாரர்களைத் தடுத்து நிறுத்த எல்லா நாடுகளும் முடிந்ததைச் செய்ய வேண்டும் என்று முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு நிருபர்களிடம் சொன்னார். நன்றி சொன்னார். அடுத்த மூச்சில், ‘இப்போ இந்த அடியைப் பாருங்க’ என்று மட்டையைச் சுழற்றினார். ஏழு மாதம் கழித்து அவர் சுழற்றிய இன்னொரு மட்டைக்கு ஈராக் பந்தானது. தேடிப் போன பேரழிவு ஆயுதங்கள் அங்கே இல்லை. அமெரிக்கப் படையினரில் மட்டும் ஏறக்குறைய 4,500 பேர் செத்தார்கள். 30,000 பேருக்கு மேல் காயம்பட்டார்கள். செத்த ஈராக்கியர்களின் கணக்கு லட்சத்தில் போகிறது. அவர்களுக்காக எந்த ஊரிலும் பந்தயம் நடப்பதில்லை.

2008இல் ஒரு பேட்டியில் புஷ் தம் தியாகத்தை வெளியிட்டார். 2003லேயே கோல்ஃபை விட்டுவிட்டாராம். பிள்ளையைப் பறிகொடுத்த தாய், முப்படைத் தலைவர் கோல்ஃப் ஆடும் காட்சியைப் பார்க்க நேர்வது நன்றாக இருக்காதாம். போரை விட்டால்தான் நாட்டுக்கு அவமானம், கோல்ஃபை விட்டால் கௌரவம் என்று கணக்குப் போட்டிருக்கிறார். பதவி முடிந்தது. 2011இல் அவர் பெயரால் இயங்கும் மையம், ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் காயம்பட்டவர்களைக் கௌரவிக்க டல்லாஸ் அருகே ஒரு போட்டியைத் தொடங்கியது. என்ன போட்டி என்று ஊகித்திருப்பீர்கள். ‘வாரியர் ஓபன்’ என்று பெயர். மாட்டைக் கொன்று செருப்புத் தானம் என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். இங்கே செருப்பையும் கோல்ஃப் செருப்பாகப் பார்த்துக் கொடுத்திருக்கிறார்கள். 2017இல் காயம்பட்ட வீரர்களின் முகங்களை அவரே வரைந்து புத்தகமாகவும் போட்டார். படம் நன்றாகத்தான் இருக்கிறது. அந்த முகங்களின் மீது அவருடைய முதல் தூரிகை 2003லேயே பட்டுவிட்டது.

ஆட்டத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. காலில்லாதவர்கள் செயற்கைக் காலில் நின்று பந்தடிப்பதைப் பார்த்திருக்கிறேன். பந்து பறக்கும்போது அவர்கள் முகத்தில் வரும் வெளிச்சத்தைக் கேலி செய்ய எனக்குத் துணிவும் இல்லை, விருப்பமும் இல்லை. அவர்களுக்கு இலவசமாக ஆட்டம் கற்றுக்கொடுக்கும் நல்ல பயிற்சியாளர்களும் இந்த நாட்டில் இருக்கிறார்கள். என் கோபம், வீரரைப் பேட்டரி வண்டியில் உட்கார வைத்துவிட்டு அவர் பெயரில் நாம் ஆடும் ஆட்டத்தின் மேல்.

குழிக்குக் குழி பலகை நட்டிருந்தார்கள். மூன்றாம் குழியில் பல் வைத்தியர். ஐந்தாம் குழியில் கூரை பழுதுபார்ப்பவர். ஒன்பதாம் குழியில் விவாகரத்து வக்கீல். நம் ஊரில் ஆநிரை மீட்கப் போய்ச் செத்தவனுக்கு நடுகல் நட்டார்கள். எந்த அரசன் காலம், எந்த ஊர் மாடு, யார் பிள்ளை, எப்படிப் பட்டான் என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். ஆயிரத்தைந்நூறு வருஷம் கழித்தும் செங்கம் பக்கத்துக் கல்லில் அவன் பெயரைப் படிக்க முடிகிறது. இங்கே வீரனுக்காக நட்ட பலகையில் கூரைக்காரரின் தொலைபேசி எண் இருந்தது, இலவச மதிப்பீட்டுக்கு அழைக்கலாம். ‘வீரர்களுக்கு நன்றி’ என்பது அடியில் பொடி எழுத்தில். வீரரின் பெயர் எங்கும் இல்லை. பெயர் போடப் பணம் கட்ட வேண்டும், அவர் கட்டவில்லை.

பதினொன்றாம் குழியருகே புத்தம்புதுக் கார் ஒன்று பொட்டு வைக்காத குறையாக நின்றது. ஒரே அடியில் பந்தைக் குழியில் விழ வைப்பவருக்கு அந்தக் கார். அப்படி யாராவது அடித்துத் தொலைத்துவிட்டால் கார்க்கடைக்காரர் நஷ்டப்படக் கூடாதே, அதற்கென்று தனியாகக் காப்பீடு விற்கிறார்கள். குழிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுச் சாட்சி உட்கார வைக்கிறார்கள். சாட்சி சொன்னால் பணம் வந்துவிடும். நடக்காத அதிசயத்துக்கு இந்த நாட்டில் இவ்வளவு ஒழுங்கான காப்பீடு.

நடந்த அநியாயத்துக்கு என்ன ஏற்பாடு? இன்னொரு குழியைப் பற்றிச் சொல்கிறேன். பாக்தாதுக்கு வடக்கே பலத் என்ற ஊரில் அமெரிக்கப் படைத்தளம் இருந்தது. அங்கே குப்பை எரிக்கும் இடம் மட்டும் ஏறத்தாழ 10 ஏக்கர். பிளாஸ்டிக், டயர், பெயின்ட், பேட்டரி, ஆஸ்பத்திரிக் கழிவு என்று அகப்பட்டதையெல்லாம் கொட்டி, விமான எரிபொருளை ஊற்றிக் கொளுத்தினார்கள். அந்தக் கரும்புகையைச் சுவாசித்தவர்கள் ஊர் திரும்பி மூச்சுக்குத் தவித்து, புற்றுநோய் கண்டு, முன்னாள் படைவீரர் நலத்துறையிடம் போனார்கள். புகைக்கும் நோய்க்கும் தொடர்பை நிரூபியுங்கள் என்றது துறை. 2007 முதல் 2020 வரை எரிகுழிப் பாதிப்பு என்று வந்த விண்ணப்பங்கள் சுமார் 12,500. ஏற்றுக்கொண்டவை சுமார் 2,800. சாட்சி போதவில்லையாம். பதினொன்றாம் குழியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவரை பலத்துக்கு அனுப்பியிருக்கலாம்.

2022 ஜூலை கடைசியில் இதைச் சரிசெய்யும் சட்டம் செனட்டில் மாட்டிக்கொண்டது. அதைத் தடுத்து நிறுத்தியபோது செனட்டர்கள் சிலர் முஷ்டியோடு முஷ்டி இடித்துக்கொண்ட காட்சி தொலைக்காட்சியில் வந்தது. முன்னாள் படைவீரர்களும் விதவைகளும் நாடாளுமன்றப் படிக்கட்டில் ராத்திரி பகலாகக் கிடந்தார்கள். நகைச்சுவைக் கலைஞர் ஜோன் ஸ்டுவர்ட் மைக் முன்னால் நின்று, சிரிக்க வைக்கத் தெரிந்த வாயால் கத்தித் தீர்த்தார். ஊர் காறித் துப்பிய பிறகு ஆகஸ்ட் 2ஆம் தேதி 86க்கு 11 என்று சட்டம் நிறைவேறியது. ஒரு வாரத்துக்கு முன் தடுத்தவர்களில் பலர் அன்று கை தூக்கினார்கள். அவர்களும் மல்லிகன் வாங்கிக்கொண்டார்கள் போலும்.

மதியம் எங்கள் மேலாளர் கணக்கு விளக்கினார். பலகைக்குக் கொடுத்தது விளம்பரச் செலவில் போய்விடும். தனியாகக் கொடுப்பவர், சாப்பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் உள்ள மதிப்பைக் கழித்துக்கொண்டு மிச்சத்துக்கு வரிவிலக்குக் கேட்கலாம். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. வரி குறைந்தால் கஜானா குறையும். கஜானா குறைந்தால் படைவீரர் ஆஸ்பத்திரியில் வரிசை நீளும். வரிசை நீண்டால் வீரர் படும் பாட்டைப் பார்த்து நம் மனசு உருகும். மனசு உருகினால் அடுத்த பந்தயம் நடத்தலாம். இவ்வளவு கச்சிதமான சக்கரத்தை எந்தக் குயவனும் செய்ததில்லை.

அந்த வரிசையின் நீளத்தையும் சொல்லிவிடுகிறேன். 2014இல் ஃபீனிக்ஸ் நகரப் படைவீரர் ஆஸ்பத்திரியில், புதிதாக வருபவர் சராசரியாக 24 நாளில் டாக்டரைப் பார்த்துவிடுகிறார் என்று ஏட்டில் எழுதியிருந்தது. தணிக்கை அதிகாரிகள் 226 பேரின் கணக்கைத் தோண்டிப் பார்த்தார்கள். 115 நாள். சுமார் 1,700 பேர் காத்திருப்போர் பட்டியலிலேயே இல்லை. காத்திருப்பதற்கும் அவர்கள் காத்திருந்திருக்கிறார்கள். நலத்துறைச் செயலாளர் எரிக் ஷின்செகி பதவி விலகினார். வரிசையில் நின்றவர்களுக்கு அந்த வசதி இல்லை.

கௌரவிப்பதிலாவது குறை வைக்கவில்லையே என்று சொல்ல வருவீர்கள். அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் இடைவேளையில் விளக்கெல்லாம் ஒருவர் மேல் பாயும், எழுபதாயிரம் பேர் எழுந்து நிற்பார்கள், கண் கலங்கும். நானும் கலங்கியிருக்கிறேன். 2015 நவம்பரில் செனட்டர்கள் ஜான் மெக்கெயினும் ஜெஃப் ஃபிளேக்கும் வெளியிட்ட அறிக்கையைப் படித்த பிறகு கண்ணீரைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அத்தகைய மரியாதைகள் பலவற்றுக்குப் பாதுகாப்புத் துறையே விளையாட்டு அணிகளுக்குப் பணம் கட்டியிருக்கிறது. 2012க்குப் பிறகு 68 லட்சம் டாலர். வியட்நாமில் ஐந்தரை ஆண்டு சிறைப்பட்டிருந்த மெக்கெயின் இதற்கு வைத்த பெயர், காசுக்கு வாங்கிய தேசபக்தி. குட்டு வெளிப்பட்டதும் கால்பந்துச் சங்கம் சுமார் ஏழே கால் லட்சம் டாலரைத் திருப்பிக் கொடுத்தது. கலியாண வீட்டில் மாப்பிள்ளையே மொய்ப்பணத்தை உறவினர் கையில் திணித்து எழுதச் சொன்ன கதை.

இந்தத் தர்மச் சந்தையில் கடை போட்டவர்கள் எல்லாரும் எங்கள் ஏற்பாட்டாளரைப் போல அப்பாவிகளும் அல்லர். ‘ஹெல்ப் ஹாஸ்பிட்டலைஸ்ட் வெட்டரன்ஸ்’ என்ற அமைப்பையும் அதன் சகோதர அமைப்பையும் பற்றி 2008 ஜனவரியில் நாடாளுமன்றக் குழு விசாரித்தது. மூன்று ஆண்டில் திரட்டியது 16 கோடி டாலருக்கு மேல். வீரர்களுக்குப் போனது காலே அரைக்கால் கூட இல்லை, கால் பங்கு. மிச்சம் எங்கே போயிற்று? பெரும்பகுதி, பணம் கேட்டு எழுதிய கடிதங்களுக்கு. அதிகாரி ஒருவரின் விவாகரத்துத் தீர்வுக்கு 1,35,000 டாலர் கடன். கன்ட்ரி கிளப் உறுப்பினர் கட்டணம் 17,000 டாலர். கோல்ஃப் ஆடி வீரனுக்குப் பணம் சேர்ப்பது ஒரு வகை, வீரனுக்குச் சேர்த்த பணத்தில் கிளப் சேர்வது மறு வகை. 2003இல் ஈராக் படையெடுப்பை நடத்திய ஜெனரல் டாமி ஃபிராங்க்ஸ், காயம்பட்டவர்களுக்கு உதவக் கோரும் கடிதத்துக்குத் தம் பெயரைத் தர 1,00,000 டாலர் வாங்கினார் என்பதும் அதே விசாரணையில் வெளியானது. அதற்கு முன்பே அவர் விலகிக்கொண்டிருந்தார். காயப்படுத்தும் இடத்துக்கு அனுப்பியவருக்கு ஒரு சம்பளம், காயத்தைக் காட்டிப் பணம் கேட்டவருக்கு ஒரு சம்பளம். காயத்துக்குச் சொந்தக்காரருக்கு ஒரு தொப்பி.

இன்னொருவர் கடையே இல்லாமல் வியாபாரம் நடத்தினார். கடற்படை முன்னாள் வீரர் சங்கம் என்று ஒன்றைக் கற்பனையில் கட்டி, உறுப்பினர்களையும் கற்பனையில் சேர்த்து, 41 மாநிலங்களில் சுமார் 10 கோடி டாலர் வசூலித்தார். தலைவர்களோடு நின்று படமும் எடுத்துக்கொண்டார். 2013இல் ஒஹாயோ நீதிமன்றம் 28 ஆண்டு கொடுத்தது. ‘வீரர்’ என்ற சொல்லைக் கேட்டதும் பர்ஸைத் திறந்து மூளையை மூடும் நாடு அவருக்கு வாய்த்தது. அவர் என்ன செய்வார், பாவம்.

பழக்கம் இன்று நேற்றையதும் அல்ல. முதல் உலகப் போரில் சண்டையிட்டவர்களுக்கு 1924இல் ஊக்கத்தொகைச் சட்டம் போட்டார்கள். பணம் 1945இல்தான் கைக்கு வரும். 1932இல், பொருளாதாரப் பெருமந்த காலத்தில், பசி தாங்காமல் பல்லாயிரம் பேர் பெண்டு பிள்ளைகளோடு வாஷிங்டனுக்குப் போய் அனகாஸ்டியா ஆற்றங்கரையில் குடிசை போட்டு, இப்போதே கொடுங்கள் என்று கேட்டார்கள். ஜூலை 28 அன்று டக்ளஸ் மெக்கார்தர் தலைமையில் குதிரைப்படையும் டாங்கிகளும் வந்தன. கண்ணீர்ப் புகை பறந்தது. குடிசைகள் எரிந்தன. சொந்த நாட்டு வீரர்களைச் சொந்த நாட்டு ராணுவமே தலைநகரிலிருந்து துரத்தியது. அவர்கள் கேட்டது கடன். தர்மம் என்று கேட்டிருந்தால் ஒரு பந்தயமாவது நடத்தியிருப்பார்கள்.

அமெரிக்காக்காரன் புத்தி என்று நாம் சிரிப்பதற்கும் வழியில்லை. 2015 ஆகஸ்ட் 14 அன்று, சுதந்திர தினத்துக்கு முந்தின நாள், ‘ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம்’ கேட்டு டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்திருந்த பதக்கம் குத்திய கிழவர்களைப் போலீஸ் இழுத்துப் போட்டது. அதற்கு நாலு வருஷம் முன்பு நாடாளுமன்றத்தில் வைத்த தணிக்கை அறிக்கை, ராணுவ நிலத்தில் 8,000 ஏக்கருக்கு மேல் 97 கோல்ஃப் மைதானங்களாக இருப்பதைச் சொல்லியிருந்தது. ஓய்வூதியத்துக்குத்தான் இடம் போதவில்லை.

நம் கல்வெட்டுகளில் ‘உதிரப்பட்டி’ என்று ஒரு சொல் வரும். சண்டையில் ரத்தம் சிந்திச் செத்தவன் குடும்பத்துக்கு ஊர் விட்டுக்கொடுத்த நிலம். அமெரிக்காவிலும் ஓர் உதிரப்பட்டி உண்டு. 1888இல் மேற்கு லாஸ் ஏஞ்சலஸில், ஊனமுற்ற படைவீரர்கள் குடியிருக்க என்று எழுதி நிலம் கொடுத்தார்கள். இன்று 388 ஏக்கர். சுற்றிலும் கோடீஸ்வரர் வீடுகள். காலப்போக்கில் அந்த நிலத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் பேஸ்பால் அரங்கம் வந்தது. பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் தனியார் பள்ளியின் விளையாட்டு மைதானம் வந்தது. எண்ணெய்க் கிணறு தோண்டவும் இடம் கிடைத்தது. ஒன்பது குழி கோல்ஃப் மைதானம் ஒன்றும் உள்ளே இருக்கிறது. பெயர் ‘ஹீரோஸ்’. ஹீரோக்கள் வேலிக்கு வெளியே நடைபாதையில் கூடாரம் அடித்து, கூடாரத்தில் தேசியக் கொடி கட்டி வருஷக்கணக்கில் கிடந்தார்கள். பந்து போய்ப் படுக்க உள்ளே ஒன்பது இடம், ஆள் படுக்க வெளியே சிமென்ட் தரை. 2024 செப்டம்பரில் நீதிபதி டேவிட் கார்ட்டர், நிலம் வீரர்களுடையது, குத்தகைகள் செல்லாது, 1,800 நிரந்தர வீடுகளும் 750 தற்காலிக வீடுகளும் கட்டுங்கள் என்று தீர்ப்பளித்தார். அரசு அப்பீலுக்குப் போனது. வீரர்களுக்கு வீடு கொடுக்கச் சொன்னதை எதிர்த்து, வீரர் நலத்துறை.

அப்படியானால் எதுதான் பலித்தது? பலித்தது ஒன்று உண்டு, அதற்கு டி-ஷர்ட் அடிக்காததால் யாருக்கும் தெரியாது. வீடில்லாத முன்னாள் படைவீரருக்கு அரசே வாடகைச் சீட்டுக் கொடுத்து, கூடவே ஒரு நலப்பணியாளரையும் நியமிக்கும் திட்டத்தை 2008 முதல் பெரிய அளவில் நடத்தினார்கள். 2010இல் ஓர் இரவில் எண்ணியபோது தெருவிலும் காப்பகத்திலும் இருந்தவர்கள் சுமார் 74,000 பேர். 2024 ஜனவரியில் 32,882. பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. யாரும் துப்பாக்கி சுடவில்லை, ஏலம் விடவில்லை, மேடையில் அழவில்லை. வரிப்பணத்தில் வாடகை கட்டினார்கள், கதவு திறந்தது. இவ்வளவு எளிய காரியம் மிச்சம் 32,882 பேருக்கு ஏன் நடக்கவில்லை என்ற கேள்வி, இரவு விருந்தில் எந்த மேஜையிலும் எழவில்லை. அங்கே ஏலத்தில் இருந்தது கையெழுத்திட்ட ஒரு கால்பந்து.

விருந்தில் எங்கள் விருந்தினரை மேடைக்கு அழைத்தார்கள். எல்லாரும் எழுந்து நின்றார்கள். காபிக் கறை காய்ந்த கால்சட்டையோடு அவர் நின்றார். ஒரு தொப்பியும் ஒரு டஜன் கோல்ஃப் பந்தும் கொடுத்தார்கள். இரண்டு நிமிஷம் பேசச் சொன்னார்கள். அவர் பத்து விநாடி பேசினார். “என் கூடப் போன ரெண்டு பேர் அங்கே சாகலை. இங்கே வந்து செத்தாங்க. அவங்களுக்கும் சேர்த்து நன்றி.” அரங்கம் சற்றுக் குழம்பியது, பிறகு இன்னும் பலமாகக் கைதட்டியது. என்ன சொல்லிவிட்டுப் போனார் என்று என் மேஜையில் யாருக்கும் பிடிபடவில்லை. எனக்கும் வீட்டுக்கு வந்து எண்களைப் பார்த்தபோதுதான் பிடிபட்டது.

2022இல் தற்கொலை செய்துகொண்ட அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் 6,407 பேர். நலத்துறையே வெளியிட்ட கணக்கு. ஒரு நாளைக்குப் பதினேழரைக்கு மேல், முழு எண்ணாக்கினால் பதினெட்டு. தமிழில் பந்து விழும் பள்ளத்துக்கும் குழி என்றுதான் பெயர், ஆளைப் புதைக்கும் பள்ளத்துக்கும் அதே பெயர். காலையில் நாங்கள் ஆடி முடித்தது எத்தனை குழி என்று அன்றிரவு எண்ணிப் பார்த்தேன். அதற்குப் பிறகு மட்டையைத் தொடவில்லை.

தர்மம் செய்ய வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. செய்யுங்கள், ஆனால் கடனைத் தர்மம் என்று பெயர் மாற்றிச் செய்யாதீர்கள். கை நீட்டி வாங்கிய உயிருக்கு, காலுக்கு, தூக்கத்துக்கு ஈடு தருவது கடன். கடனை அடைப்பவன் வள்ளல் ஆக மாட்டான். அடைக்காமல் அன்னதானம் போடுகிறவனுக்கு நம் ஊரில் வேறு பெயர் உண்டு. இந்த நாட்டில் வாக்குரிமை வாங்கிவிட்ட நம் ஆட்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அடுத்த மல்லிகனுக்கு இருபது டாலர் எடுக்கும் முன், உங்கள் தொகுதி உறுப்பினருக்கு ஒரு போன் போட்டு, எரிகுழிச் சட்டத்துக்கு எப்படி ஓட்டுப் போட்டீர், வாடகைச் சீட்டுக்கு எவ்வளவு ஒதுக்கினீர் என்று கேளுங்கள். போனுக்குச் செலவில்லை. வரிவிலக்கும் இல்லை.

போன வாரம் அடுத்த ஆண்டுப் பந்தயத்துக்கு அழைப்பு வந்தது. வரமாட்டேன் என்று எழுதிவிட்டு, ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தேன். துப்பாக்கிக்குப் பதிலாக இந்த முறை ஊதல் ஊதி ஆட்டத்தைத் தொடங்கக் கூடாதா?

மறுநாளே மரியாதையாகப் பதில் வந்தது. முடியாதாம். துப்பாக்கிச் சத்தத்துக்கு ஏற்கெனவே ஸ்பான்சர் கிடைத்துவிட்டாராம்.